குளத்துக்குத் தண்ணி காட்டியவர்

குளத்துக்குத் தாகம் எடுக்குமா? எடுக்கும் என்று மதகுச் சுவரில் எழுதினார் ஆவுடையப்பன். எழுதியதோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அதைப் பட்டணத்தில் யாரோ நம்பித் தொலைத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது மாவடிப்பேரி ஊருக்குச் சனியன்.

ஆவுடையப்பன் நீர்ச் சிக்கன வாரியத்தின் பரப்புரையாளர். அதாவது, தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். வாசகம் கட்டுவதில் மனுஷன் மன்னன். 'சிந்தும் சொட்டு, சந்ததிக்கு வேட்டு' என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியவர் அவர்தான். அந்தச் சுவரின் மூலையில்தான் ஊர் ஆண்பிள்ளைகள் ஒதுங்குவார்கள் என்பது வேறு விஷயம். 'குளம் காத்தால் குலம் காக்கும்' என்பதும் அவர் கட்டியதுதான். அதற்கு அடியில் நிறுத்தித்தான் குளத்துத் தண்ணீரில் லாரி கழுவுவார்கள். வருஷக்கணக்காக அவர் எழுத எழுதக் குளம் வற்றிக்கொண்டே வந்தது. எழுதுவதால்தான் வற்றுகிறதோ என்று முப்பிடாதியின் இட்லிக் கடையில் ஒரு பட்டிமன்றமே நடந்தது.

அவருக்கே மிகப் பிடித்த வாசகம் ஒன்று உண்டு. 'குளத்தின் தாகம் உங்கள் தாகம்.' மதகின் மேல் ஆளுயர எழுத்தில் அதை எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் மெர்லின் வந்தாள். வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். பூர்வீகம் இந்தப் பக்கம்தான் என்றாலும் பேச்சு பட்டணமாகிவிட்டிருந்தது.

"சார், இது நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா. எழுத்துப்பிழை எதுவும் இருக்கா?"

"இல்ல சார். இதை நாங்க நிஜமாவே செஞ்சிட்டோம்."

அவள் உள்ளங்கையில் மிளகு அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் தோலோடு தோலாகிவிடுமாம். வாரியம் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. ஊர் அதற்கு மச்சம் என்று பெயர் வைத்தது.

"குளத்து நடுவுல ஒரு கம்பம் நடுவோம் சார். தண்ணி எவ்வளவு இருக்குன்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். பாதிக்குக் கீழ இறங்கினா, மச்சம் போட்டவங்களுக்குத் தொண்டை காயும். இன்னும் இறங்கினா இன்னும் காயும். குளம் படுற பாட்டை ஜனங்களும் பட்டா, சிக்கனம் தானா வந்துரும்ல?"

ஆவுடையப்பனுக்குப் புல்லரித்துவிட்டது. தன் வாசகம் மனுஷ உடம்புக்குள் ஓடப்போகிறது! சும்மா இருந்திருக்கலாம். யோசனை வேறு சொன்னார்.

"நம்மாளு இருக்கானே, தொண்டை காஞ்சதும் பிச்சு எறிஞ்சிட்டுப் போயிருவான். குளம் பாதி நிறையுத வரைக்கும் யாராலயும் கழட்ட முடியாதுன்னு வச்சிருங்க."

மெர்லின் தயங்கினாள். வாரியத்தின் இயக்குநர் ஜெகவீரன் தயங்கவில்லை. அன்றைக்கே ஒப்புதல் கொடுத்தார். கூடவே ஒரு விதியும் சேர்த்தார்: வாரியத்துக்காரர்கள் ஏற்கெனவே விழிப்புணர்வு பெற்றவர்கள், அவர்களுக்கு மச்சம் தேவையில்லை.

மழை பெய்து ஓய்ந்த கார்த்திகையில் தொடக்க விழா. மச்சம் போடுகிறவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் குடம் ஒன்று இலவசம். குடத்தைப் பார்த்துக் கூட்டம் வந்ததே தவிர, மேடை ஏற ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. நீ போ, நீ போ என்று ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். படம் எடுக்க வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் கீழே இறங்கி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தன் மனைவி சங்கரவடிவின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தார்.

மெர்லின் கேட்டாள், "அம்மா, உடம்புக்கு எதுவும் சீக்கு இருக்கா? சொல்லிருங்க."

வடிவு வாயைத் திறப்பதற்குள் ஆவுடையப்பன் முந்திக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருக்கா."

கல்லுதான். சிறுநீரகம் பாதி வேலை செய்யாமல் போய், நாளைக்கு நாலு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி வருஷம் ஒன்றாகியிருந்தது. ஊரிலேயே நிஜமாகத் தண்ணீர்ச் சிக்கனம் செய்த ஒரே ஆள் அவள்தான். வடிவு புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காதை மடக்கிக் கொடுத்தாள். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. குளத்தில் அப்போது பாதிக்கு மேல் தண்ணீர் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. குடம் கிடைத்த சந்தோஷத்தில் ஊர் மொத்தமும் மச்சம் போட்டுக்கொண்டது.

பங்குனியில் தண்ணீர் பாதிக் கோட்டுக்குக் கீழே போனது. காலையில் முப்பிடாதியின் கடையில் ஆரம்பித்தது கூத்து. இட்லி கேட்டு வந்தவர்கள் முதலில் தண்ணீர் கேட்டார்கள். இட்லியை மறந்துவிட்டு மறுபடியும் தண்ணீர் கேட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டே செம்பைத் தேடினான். வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டுக் குழாயடிக்கு ஓடினார், பிள்ளைகள் அவருக்கு முன்னாலேயே அங்கே நின்றார்கள். வாரியம் கொடுத்த குடங்கள் வீட்டுக்கு வீடு நிறைந்தன, காலியாயின.

அந்தக் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குளத்துக் கிணற்றிலிருந்துதான். குடிக்கக் குடிக்கக் குளம் இறங்கியது. குளம் இறங்க இறங்கத் தொண்டை இன்னும் காய்ந்தது. சித்திரையில் குளத்தின் நடுவில் ஒரு சேற்றுக் குட்டை மட்டும் மிச்சம்.

மெர்லின் தலையில் கைவைத்துக்கொண்டு ஊருக்கு ஓடிவந்தாள். "சுவத்துல தாகம்னு எழுதினா அது பொறுப்பு சார். உடம்புல தாகம்னா கை செம்பைத்தான் தேடும். இது நமக்குத் தோணவே இல்லையே!"

"இத்தனை பெரிய வாரியத்துல ஒருத்தருக்குமா தோணல?"

"அவங்களும் போட்டிருந்தா தோணியிருக்கும்."

ஊர் தவித்ததுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். வடிவின் கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது, தலையணையை அடுக்கிவைத்துச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். ஆவுடையப்பன் வீட்டிலிருந்த குடத்தையெல்லாம் அறைக்குள் வைத்துப் பூட்டினார். அவள் செடிக்கு வைத்திருந்த வாளியில் கைவிட்டு அள்ளிக் குடித்தாள். டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, இன்னும் இப்படிக் குடித்தால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், அப்புறம் தன் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ வடிவு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

"என் தாகம்னா பொறுப்பேன். வருஷம் பூரா பொறுத்தவதான? இது என் தாகம் இல்லயே. குடிச்சாலும் அடங்கல, குடிக்காட்டாலும் அடங்கல. உங்க வாசகம்லா என் தொண்டைக்குள்ள கெடந்து அறுக்கு!"

அவருக்குச் சுருக்கென்றது. மேடையில் அவள் பார்த்த பார்வைக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. வெட்கமும் பயமுமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு மெர்லின் தங்கியிருந்த இடத்துக்குப் போனார்.

"அவளுக்கு மட்டும் கழட்டிருங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"முடியாது சார். கம்பத்துல பாதிக் கோடு நனையணும். நீங்க போட்ட நிபந்தனை."

"மழை பெய்யணுமா?"

"மலையில நல்ல மழைதான் சார். மேல அணையில தண்ணி கிடக்கு. நம்ம கால்வாய்க்குத் திறக்க மாட்டேங்கறாங்க."

"பிறகு அது எங்க போவுது?"

மெர்லின் குரலைத் தாழ்த்தினாள். "வாரியத்தோட கணினிக் கூடத்துக்கு. யாருக்கு எவ்வளவு தாகம் கொடுக்கணும்னு கணக்குப் போடுற இயந்திரமெல்லாம் அங்கதான் இருக்கு. சூடாகும். தண்ணி விட்டுத்தான் குளிர வைக்கணும்."

ஆவுடையப்பன் இதை மனசுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். "அப்போ, குளத்துத் தண்ணியை அது குடிச்சுப்போட்டு, குளத்துக்குத் தாகமா இருக்குன்னு நமக்குச் சொல்லுது."

"சுருக்கமா அப்படித்தான் சார்."

"நான் என்னம்மோ லாரி கழுவுதவனைத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்."

எழுந்து வாசல்வரைக்கும் போனவர் நின்றார். "ஏம்மா, கம்பத்துக்குத் தெரிஞ்சதுதான கூடத்துக்கும் தெரியும்? கம்பத்துக்குத் தண்ணி காட்டிட்டா?"

ஊரை ஏமாற்றுகிறவனைத் தண்ணி காட்டுகிறான் என்போம். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. மெர்லினுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "சார், நீங்க சொன்னது என் காதுல விழல."

மறுநாள் உச்சி வெயிலில், ஊர் வீட்டுக்குள் சுருண்டு கிடந்த நேரத்தில், ஆவுடையப்பன் குளத்தில் இறங்கினார். அடிப்பாகம் வெட்டிய நீல டிரம் ஒன்றைக் கம்பத்தின் தலைவழியாக மாட்டினார். மண்ணோடு படிகிற இடத்தைக் களிமண்ணால் பூசினார். பிறகு வாரியம் கொடுத்த குடத்தால் குட்டைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். சிந்தும் சொட்டு சந்ததிக்கு வேட்டு என்று எழுதிய கை அது, பாவம். பாதிக் கோடு நனைந்தது. குளம் நிறைந்துவிட்டதாகக் கம்பம் நம்பியது. ஊருக்குள் யார் யாரோ கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார்கள்.

வீட்டுக்கு ஓடினார். வடிவு சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். "அடங்கிட்டு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூச்சப்படாமல் அழுதார்.

ஆனால் களிமண் கசியும். டிரம்மை நாளும் நிரப்ப வேண்டும். மச்சத்தைக் கழற்றிவிடலாம் என்றாலோ, இயக்குநர் குளத்தை நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம்; பார்த்தால் குட்டு உடைந்துவிடும். மறுநாளே முப்பிடாதி அவரைக் குடமும் கையுமாகப் பிடித்துவிட்டாள். உதைதான் என்று நினைத்தார்.

"இதுதான் சங்கதியா? ஏன் அண்ணாச்சி, ஒத்தை ஆளா எத்தனை நாளைக்குச் சுமப்பீய? வெயிலுக்கு வத்திப்போனா மைனி உசிருக்கு யாரு பதில் சொல்லுதது? நாளைக்கு எங்க தெரு ஊத்துதோம். ஒரு ஓலையாவது மேல போட்டு மறைச்சிருக்கப்படாதா?"

அப்புறம் நடந்ததைத்தான் வேடிக்கை என்று சொல்ல வேண்டும். ஊர் கூடிப் பேசித் தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தது. வீட்டுக்கு ஒரு குடம் மிச்சம் பிடித்துக் கொண்டுவந்து ஊற்றினார்கள். டிரம்முக்குப் பந்தல் போட்டார்கள். ஆடு மாடு முட்டாமல் முள்வேலி கட்டினார்கள். சிந்தினவனை ஏசினார்கள். லாரிக்காரன் தானாக முன்வந்து காவல் இருந்தான். இந்தக் கவனத்தில் காலே அரைக்கால் பங்கு குளத்தின் மேல் காட்டியிருந்தால் குளம் வற்றியே இருக்காது. ஆவுடையப்பன் பந்தலடியில் நின்று, இத்தனை வருஷம் தான் கத்தியது ஒரு டிரம்முக்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வடிவின் கால் வீக்கம் மெல்ல வடிந்தது.

நல்லது நடந்தால் கெட்டது சும்மா இருக்குமா? கம்பம் சொன்னதைக் கூடம் நம்பியது. கூடம் சொன்னதை வாரியம் நம்பியது. கோடையிலும் மாவடிப்பேரிக் குளம் பாதிக்குக் குறையாமல் நிற்கிறதென்றும், பரப்புரை அமோக வெற்றியென்றும் அறிவித்துவிட்டார்கள். இயக்குநர் ஜெகவீரனே நேரில் வந்து ஊருக்கு விருது கொடுக்கப்போகிறாராம். அந்த மேடையிலேயே இன்னொரு அறிவிப்பும் உண்டு என்று மெர்லின் சொன்னாள். குளம்தான் நிறைந்திருக்கிறதே, இனி மாவடிப்பேரிக் கால்வாய் எதற்கு? அணையிலுள்ள தலைமதகை நிரந்தரமாகப் பூசிவிட்டு, முழுத் தண்ணீரையும் கூடத்துக்கே கொடுத்துவிடுவதாக முடிவாம்.

ஆவுடையப்பன் இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் டிரம்மைப் பிடுங்கிவிடுவார்கள், வடிவு பிழைக்க மாட்டாள். சொல்லாவிட்டால் குளத்துக்கு இனி ஜென்மத்துக்கும் தண்ணீர் கிடையாது. வடிவிடம் மறைத்துப் பார்த்தார். முப்பிடாதி மூலம் அது அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"நான் பாத்துக்கிடுதேன், நீங்க வாசகத்தை மட்டும் எழுதுங்க" என்றாள் வடிவு. அன்று சாயங்காலம் அவளும் முப்பிடாதியும் மெர்லினும் வெகுநேரம் பேசினார்கள். அவர் பக்கத்தில் போனதும் பேச்சை நிறுத்தினார்கள்.

விழா அன்று ஜெகவீரன் கல்யாண மண்டபத்தில் வந்து இறங்கினார். குளத்தைப் பார்க்கிறீர்களா என்று மரியாதைக்குக் கேட்டார்கள்.

"வெயில் கொளுத்துது. வரைபடத்துல பாத்துட்டேன், அருமையா இருக்கு" என்று போனைக் காட்டினார். போனில் குளம் நீலமாகத் தளும்பியது. மண்டபத்து ஜன்னலைத் திறந்திருந்தால் காய்ந்த குளமும் பந்தலும் தெரிந்திருக்கும். குளிர்சாதனம் ஓடியதால் சாத்தியிருந்தார்கள்.

பொன்னாடை போர்த்தியதும் வடிவு தாம்பாளத்தோடு மேடை ஏறினாள். தாம்பாளத்தில் சந்தனம், வெற்றிலை, நடுவில் ஒரு மச்சம்.

"ஐயா, ஊர்ல முதல் மச்சம் போட்டவ நான். எங்க ஊரு மரியாதையா நீங்களும் ஒண்ணு போட்டுக்கிடணும். போட்டோ எடுக்க எல்லாரும் வந்திருக்காவ."

ஜெகவீரன் வரைபடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குளம் நிறைந்திருக்கும்போது மச்சம் வெறும் மச்சம்தானே? புன்னகையோடு காதை மடக்கிக் கொடுத்தார். வடிவை மேடையேற்றிய அன்றைக்கு ஆவுடையப்பன் போட்ட அதே கணக்கு. மெர்லின் ஒட்டிவிட்டாள். கைதட்டல் அடங்கியதும் ஆவுடையப்பன் கடைசி வரிசையைப் பார்த்தார். முப்பிடாதி எழுந்து குளத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. டிரம்மைச் சாய்த்துவிடப் போகிறாள்.

"வடிவு, வேண்டாம். உன் உடம்பு..."

"சும்மா உக்காருங்க. டிரம் பக்கம் போனீயன்னா உங்களைத் தலைமுழுகிருவேன். தலைமுழுகத் தண்ணி இல்லயேன்னு பாக்காதீய, சும்மாவே முழுகிருவேன்."

ஜெகவீரன் பேச ஆரம்பித்தார். "தண்ணீர் என்பது வெறும் தண்ணீர் அல்ல..." என்று இழுத்தவர், எச்சிலை விழுங்கினார். முன்னாலிருந்த பாட்டிலை எடுத்துக் குடித்தார். "சிக்கனம் என்பது..." பக்கத்து நாற்காலிக்காரரின் பாட்டிலையும் எடுத்துக் குடித்தார். மண்டபம் முழுக்கச் செருமலும் இருமலும். ஊர் தவித்தது, ஆனால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடிவு முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னய்யா இது? தொண்டை எரியுது. இதைக் கழட்டு!"

"முடியாது சார்" என்றாள் மெர்லின். "குளம் பாதி நிறையணும்."

"யாரு போட்ட விதி இது?"

ஆவுடையப்பன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் போட்டதுதான் ஐயா. நீங்கதான் அன்னைக்கே ஒப்புதல் கொடுத்தீய." பிறகு போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஜெகவீரன் குளத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கூஜாவைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் போனை எடுத்தார். "மாவடிப்பேரித் தலைமதகைத் திற. இப்பவே. முழுசா. என்னது, கூடம் சூடாயிருமா? ஆகட்டும்யா! நான் இங்க காஞ்சுக்கிட்டு இருக்கேன்!"

ஆண்டாண்டாக மனுப் போட்டும் திறக்காத மதகு சாயங்காலத்துக்குள் திறந்தது. தண்ணீர் வந்துசேர்ந்து பாதிக் கோட்டைத் தொட மூன்று நாளானது. அந்த மூன்று நாளும் ஜெகவீரன் விருந்தினர் விடுதியில் குழாயடியிலேயே கிடந்தார். ஆவுடையப்பன் வடிவின் பக்கத்தில் கிடந்தார். ஈரத் துணியால் அவள் உதட்டை ஒற்றி ஒற்றி எடுத்தார். அவள் அவர் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, நாலு டம்ளருக்கு மேல் ஒரு வாய் குடிக்கவில்லை. முடிவு தெரிந்த தாகம் பொறுக்கக்கூடியது என்று பிறகு சொன்னாள். கரையிலிருந்து கூச்சல் கேட்டபோது அவள் கை தளர்ந்தது. அவர் பயந்துபோய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தார். தூங்கிவிட்டிருந்தாள்.

முதலில் ஜெகவீரனுக்குத்தான் கழற்றினார்கள். கழற்றிய கையோடு காரேறிப் போனவர், போகிற வழியிலேயே உத்தரவு போட்டார். மச்சத் திட்டம் மகத்தான வெற்றி, எல்லா ஊருக்கும் விரிவுபடுத்தப்படும். வாரியத்துக்காரர்களுக்கு எக்காரணம் கொண்டும் மச்சம் பொருந்தாது, விழா மேடையில்கூட. மாவடிப்பேரி மதகைத் திரும்ப அடைக்கச் சொல்ல மட்டும் அவருக்குத் தொண்டை வரவில்லை போலும், அது திறந்தே கிடந்தது.

அந்த உத்தரவை ஆவுடையப்பன் வீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். வடிவுக்கு மச்சத்தைக் கழற்றிவிட்டு மெர்லின் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். பெட்டியில் புது மச்சம் ஒன்று மீந்திருந்தது.

வடிவு காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே கேட்டாள். "அப்போ நீங்களும் வாரியத்து ஆளுதான, உங்களுக்குப் பொருந்தாதுலா?"

 மதகில் 'உங்கள் தாகம்' என்று எழுதும்போது 'நம் தாகம்' என்று எழுதத் தோன்றவே இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மெர்லினுக்கு முன்னால் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காதை மடக்கிக் கொடுத்தார்.